புதன்கிழமை புரோக்கரம்மா

அத்தியாயம் 11

கலியாணப் புரோக்கர் என்ற பட்டம் தன் தலையில் வந்து விழும் என்று சந்திரிகா கனவிலும் நினைத்ததில்லை. போன வாரம் விழுந்தது. அதைத் தட்டிவிடவும் வழியில்லாமல், ஏற்றுக்கொள்ளவும் மனமில்லாமல் அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றதோடு விட்டிருந்தோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சந்திரிகா கிள்ளானில் பிறந்து, படிக்க வந்த மெல்பர்னிலேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழ்ப் பெண். மேற்குப் புறநகர்க் கவுன்சில் ஒன்றில், குழந்தைகள் குடும்பப் பிரிவில் சோஷியல் வொர்க்கர். கைக்குழந்தையோடு தடுமாறுகிற தாய்மார்களின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பேசி, பேசவைத்து, மெல்ல நிமிர்ந்து நிற்க வைப்பது அவளுடைய உத்தியோகம்.

பொயிண்ட் குக்கில் ராதா என்ற இளம் தாயின் வீட்டுக்குப் புதன்கிழமை தவறாமல் போவாள். கவுன்சில் சின்னம் போட்ட காரை அந்த வீட்டு வாசலில் நிறுத்தினால் தெருவில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பமும் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கும். அதனால் காரைக் கடைப் பக்கத்து பார்க்கிங்கில் விட்டுவிட்டு, கடற்காற்று சுடிதார் ஷாலை இழுக்க இழுக்க நடந்தே போவாள். நல்லெண்ணத்தில் செய்த அந்தக் காரியம்தான் வினையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு விஜயா அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். கண் கொஞ்சம் கூர்மை, கற்பனை அதைவிடக் கூர்மை. நெற்றியில் பொட்டு, கையில் ஃபைல், காரில்லாத நடை, வாரம் தவறாத வருகை, உள்ளே ஒரு மணி நேரப் பேச்சு. அன்ரி மாதக்கணக்கில் பார்த்தார், முடிவு கட்டினார். போன புதன்கிழமை வேலியோரம் சந்திரிகாவை மடக்கி, “பிள்ளை, என்ர அக்கான்ர மகளுக்கும் ஒரு நல்ல இடம் பாருங்கோவன்” என்று கேட்டேவிட்டார்.

நான் புரோக்கர் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லலாம். “அப்ப நீங்கள் ஆர்?” என்று அடுத்த கேள்வி வருமே! ராதா வீட்டுக்குக் கவுன்சிலில் இருந்து ஆள் வருகிறது என்று தெரிந்தால், அன்றைக்கே தெரு முழுக்க “அந்த வீட்டில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்களாம்” என்று பரவிவிடும். தன்னிடம் வருகிறவர்களின் விஷயம் தன் வாயால் வெளியே போகக்கூடாது என்பது சந்திரிகாவின் தொழிலில் முதல் சட்டம். ஆகவே, “பாக்கலாங்க அன்ரி” என்று மென்று முழுங்கிவிட்டு வந்துவிட்டாள்.

ராதாவுக்கு என்ன கஷ்டம்? பிரசவத்துக்கு வந்த அவளுடைய அம்மா திருச்சிக்குத் திரும்பியதும் தனிமை அவளைப் பிடித்துக்கொண்டது. தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, குழந்தை அழுதால் கை நீளவில்லை. ஒருநாள் குழந்தையைத் தொட்டிலில் அழவிட்டுவிட்டு, கொல்லைப்புறத்தில் போய் நின்றவள் வெகுநேரம் உள்ளே வரவே இல்லை. அவளே அதைக் குழந்தைகள் கிளினிக் நர்ஸிடம் சொல்லி அழுதாள். நர்ஸ் சந்திரிகாவை அனுப்பினாள். அப்படித் தொடங்கியதுதான் இந்தப் புதன்கிழமைகள்.

இப்போது குழந்தை சம்யுக்தாவுக்கு வயது ஒன்று. ராதா மருந்து சாப்பிட்டாள், பேசினாள், அழுதாள், மறுபடி சிரிக்கப் பழகினாள். மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் வாத்து காட்டப் போகிறாள். இந்த நேரம் பார்த்துத்தான், போன புதன்கிழமைக்கு மறுநாள், திருவானைக்காவில் இருந்து மாமியார் அகிலாண்டம் வந்து இறங்கினார்.

அவர் வந்தது சும்மா பேத்தியைப் பார்த்துவிட்டுப் போக அல்ல. கையோடு கூட்டிக்கொண்டு போக.

*

வெள்ளிக்கிழமையன்றே சந்திரிகா ஆபீசிலிருந்து ராதாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

“ராதா, உங்க வீட்டுக்காரரு புதுசா சேந்திருக்குறது எங்க வீட்டுக்காரரு கம்பெனியிலதானாம். எனக்கு இன்னிக்கித்தான் தெரியும். நாளைக்கிப் பாப்பா பெர்த்டேக்குக் குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காரு. நான் வர்றது உங்களுக்குச் சங்கடமா இருந்தா வரல. தலைவலின்னு சொல்லிப் படுத்துக்குறேன்.”

ராதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வாங்கக்கா. நீங்க எங்கயாச்சும் ஒரு மூலையில உக்காந்திருந்தாக்கூடப் போதும், எனக்குத் தைரியமா இருக்கும். ஆனா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. நான் அப்படி இருந்தேன்னு அத்தைக்குத் தெரிஞ்சா, பைத்தியக்காரிகிட்ட என் பேத்திய விடமாட்டேன்னு சொல்லிருவாங்க.”

“நீங்களா வந்து பேசுற வரைக்கும் நான் உங்கள யாருன்னே தெரியாத ஆளு. சரியா?”

“அக்கா… பாப்பாவுக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை.”

“வேணாம்னு சொன்னீங்களா?”

“வாயே வரமாட்டேங்குதுக்கா. அத்தை ஒரே பிடிவாதமா நிக்கறாங்களாம், மூணு வயசு வரைக்கும் இருக்கட்டும், மறுத்துப் பேசாதன்னு இவரு சொல்றாரு.”

இந்தப் பெண்ணைச் சந்திரிகாவுக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை வேறு, பாசம் வேறு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் ராதாவைப் பார்த்ததில்லை.

“உங்களுக்காக நான் வந்து பேச முடியாது, ராதா. பெத்தவங்க முடிவு பண்ணா, கவுன்சில் தடுக்கவும் முடியாது. பெத்தவங்கன்னா நீங்களும்தான். நீங்க வாயத் தொறங்க, நான் பக்கத்துல நிப்பேன்.”

“பாக்கறேன்க்கா” என்றாள் ராதா. பாக்கறேன் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது சந்திரிகாவுக்குத் தெரியும்.

*

சனிக்கிழமை காலை. ஹாப்பர்ஸ் கிராஸிங்கில் சந்திரிகாவின் மாமியார் தனலெட்சுமி பசியாறிய கையோடு பட்டுச்சேலை கட்டி, பவுடர் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“மத்தியானம்தான் அத்தை விருந்து” என்றாள் சந்திரிகா.

“இருக்கட்டுமே. நல்ல இடத்துல உக்காந்தாத்தான நாலு பொண்ணு கண்ணுல படும்? அப்பளசாமிக்கு முப்பத்தாறு ஆவப்போவுது. ஒனக்கென்னா, நீ ஆபீஸ்ல ஃபைல் எழுதிட்டு வந்து படுத்துருவ. பெத்தவ எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.”

அப்பளசாமி அவருடைய இளைய மகன், கோலாலம்பூரில் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிற ரகம். மூத்த மகன் குணசீலனோ அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் இருபது வருஷம் ஓட்டிய கெட்டிக்காரன். இப்போதும் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றான்.

“என்னங்க, நான் வரலன்னா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கல்ல?” என்று கடைசி முயற்சியாக அவனிடம் கிசுகிசுத்தாள் சந்திரிகா.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “வேலை விஷயமா?”

“ம்.”

“அப்ப நான் கேக்கல. ஆனா நீ வரலன்னா அம்மா ஆயிரம் கேப்பாங்க.”

அது உண்மை. கிளம்பினாள்.

*

விருந்துக்காக வாடகைக்கு எடுத்த ஹாலில் பலூன்களும் காகிதத் தோரணங்களும் ஒரே கலகலப்பு. வாசலில் வரவேற்க நின்ற ராதாவின் கணவன் வெங்கட்ராமன், குணசீலனைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான். அவன் பின்னால் வந்த சந்திரிகாவைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. ஆரம்பத்தில் ஒருமுறை வீட்டில் அவளைப் பார்த்துப் பேசியவன்தான். “வாங்க… வாங்க மேடம்” என்று தடுமாறினான். சந்திரிகா புதிதாகப் பார்க்கிறவள் போலக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ராதா மாம்பழ மஞ்சள் பட்டில் மேடையோரம் நின்றிருந்தாள். இருவர் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. சந்திரிகா சட்டென்று பார்வையைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினாள். நம் ஊர்க்காரர்கள் நடுவில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் தெரியுமா? கன்னம் வலிக்கும்.

அகிலாண்டம், சந்திரிகா நினைத்தது போல முறைப்பான ஆசாமியாக இல்லை. குள்ளமாக, உருண்டையாக, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் “சாப்பிட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்” என்று மிரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுக்க, “அடி போக்கிரி!” என்று கொஞ்சினார். இந்த அம்மாளை வெறுக்கலாம் என்று வந்த சந்திரிகாவுக்கு அதுவும் முடியாமல் போயிற்று.

கேக் வெட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் அகிலாண்டம் குரலை உயர்த்தினார்.

“எல்லாரும் குழந்தைய நல்லா ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க. வர்ற வெள்ளிக்கிழமை என் பேத்தி எங்கூட ஊருக்கு வர்றா. மூணு வயசு வரைக்கும் என் பொறுப்பு. இவங்க ரெண்டு பேரும் நிம்மதியா வேலைய, வீட்டுக் கடனப் பாக்கட்டும்.”

“குடுத்துவச்சவ ராதா!” என்றாள் ஒருத்தி. “எங்க மாமியாரும்தான் இருக்காங்களே, விசா எடுக்கவே யோசிக்கறாங்க” என்றாள் இன்னொருத்தி. நாலாபுறமும் பாராட்டு மழை. ராதா சிரித்தாள். கண்ணாடிக்கு முன் ஒத்திகை பார்த்த சிரிப்பு அது. கையில் இருந்த கேக்கை அவள் வாயருகே கூடக் கொண்டுபோகவில்லை என்பதை ஹாலின் கோடியில் இருந்த சந்திரிகா பார்த்தாள்.

எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“ஐயோ பிள்ளை, நீங்களும் வந்தனீங்களோ! நல்லதாப் போச்சு!”

விஜயா அன்ரி, ஒரு கையில் பாயசம், மறு கையில் வடை.

“என்ர அக்கான்ர மகளின்ர விஷயம் என்ன மாதிரி? ஏதும் பொருந்திச்சோ?”

“என்னா விஷயம்?” என்று காதைத் தீட்டினார் தனலெட்சுமி.

“இவதானே இந்தப் பக்கத்துக் கலியாணப் புரோக்கர்! உங்களுக்குத் தெரியாதே?”

“இவளா? இவ என் மருமவ லா!”

“அப்ப என்ன, நீங்கள் குடுத்துவச்சனீங்கள்.”

தனலெட்சுமி மருமகள் பக்கம் மெல்லத் திரும்பினார். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, இப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“அடியே சந்திரிகா! ஊரான் புள்ளைக்கெல்லாம் எடம் பாக்குறியா? வீட்டுல ஒருத்தன் நரை தட்டி நிக்கிறானே, அவன் கண்ணுக்குத் தெரியலயா?”

“அத்தை, வீட்டுல போயிப் பேசலாமே…”

“இது எத்தன நாளா நடக்குது?”

அதற்கும் அன்ரியே பதில் சொன்னார். “மாசக்கணக்கா எல்லே! புதன்கிழமை எண்டால் காலமை ராதா வீட்டை வந்திடுவா. மழையெண்டாலும் குடையோட வருவா. நான் யன்னலுக்குள்ளால பாக்கிறனான்.”

அவர் குரல் கணீரென்ற குரல். ஜிலேபித் தட்டை நீட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் நின்ற அகிலாண்டத்துக்கு அது தெளிவாகக் கேட்டுவிட்டது. தட்டை மேஜையில் வைத்தார். பேத்தியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நேரே வந்தார்.

“யாரு வீட்டுக்கு? எங்க வீட்டுக்கா?”

“ஓம், உங்கட வீட்டைதான்.”

“எங்க வீட்ல கல்யாணத்துக்கு யாரு நிக்கறாங்க?” அகிலாண்டம் சந்திரிகாவை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, புருஷன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. அந்த வீட்ல உனக்கு வாராவாரம் என்ன சோலி? யாருக்கு வரன் பாக்கற?”

புரோக்கர் என்றால் ஒரு சந்தேகம். புரோக்கர் இல்லை என்றால் ராதாவின் ரகசியம் நடு ஹாலில். ஓரக்கண்ணால் வெங்கட்ராமனைத் தேடினாள். அவன் ஒருத்தன் சொல்லலாமே! அவனுக்குச் சொல்ல உரிமை இருக்கிறதே! அவன் குளிர்பானப் பெட்டியருகில், தரையைப் பார்த்துக்கொண்டு கல்லாகச் சமைந்து நின்றான்.

“அத நான் சொல்ல முடியாதுங்கம்மா” என்றாள் சந்திரிகா.

இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. அகிலாண்டத்தின் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதேதோ கூடி வருவது தெரிந்தது. கண்கள் கலங்கின.

“புரிஞ்சுபோச்சு. இப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சு. குழந்தைய எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்கன்னு ராதா ஏன் அப்படிக் கெஞ்சுனான்னு நானும் மண்டையக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். பெத்தவளுக்கு எப்படி மனசு வருதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். குழந்தைய என் கையில தள்ளிவிட்டுட்டு, என் புள்ளைய விட்டுட்டு, வேற கல்யாணம் பண்ணிக்கப் போறா. அதுக்கு நீ தரகு!”

பலூன் ஊதிக்கொண்டிருந்தவர் கூட நிறுத்திவிட்டார்.

“ஏய், இரும்மா!” என்று எழுந்தார் தனலெட்சுமி. பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். “ஒனக்கு ஆயிரம் ஆத்திரம் இருக்கும். அதுக்காக என் மருமவளப் பேசாத. இவ புரோக்கரோ, ஃபைல் எழுதுறாளோ, எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா, கல்லு மாதிரி இருப்பா. ஆனா ஒரு குடும்பத்தக் கலைக்கிற புத்தி இவளுக்கு வராது. எனக்கு அது தெரியும்!”

தலைவலி என்று இவரிடம் பொய் சொல்ல நினைத்தோமே என்று சந்திரிகாவுக்கு வெட்கமாக இருந்தது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் விலகியது. மஞ்சள் பட்டு. ராதா வந்துகொண்டிருந்தாள். நேராக வந்து சந்திரிகாவின் பக்கத்தில் நின்றாள்.

“இவங்க புரோக்கர் இல்ல. கவுன்சில்ல இருந்து வர்றவங்க. எனக்காக வர்றாங்க.”

“கவுன்சிலோ!” என்று அன்ரி மார்பில் கை வைத்தார். “பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போற ஆக்களோ?”

“இல்ல அன்ரி. பாப்பா என்கிட்டயே இருக்கணும்னுதான் இவங்க இத்தனை மாசமா நடந்து வர்றாங்க.” ராதா மாமியார் பக்கம் திரும்பினாள். “அம்மா ஊருக்குப் போனதும் எனக்கு உடம்பு முடியாமப் போச்சு அத்தை. உடம்புன்னா மனசுதான். குழந்தை அழுதா எனக்கும் அழுகதான் வரும், தூக்கத் தோணாது. செத்துரலாமான்னு கூட இருந்துச்சு. உங்ககிட்ட மறைச்சேன். பைத்தியம்னு சொல்லிருவீங்கன்னு பயந்து மறைச்சேன். இவங்கதான் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு வாரமா என்னை மேல தூக்கி விட்டாங்க. இப்ப நான் நல்லா இருக்கேன். என் குழந்தைக்கு எதுக்கு அழுக வருது, எதுக்குச் சிரிப்பு வருதுன்னு எனக்குத் தெரியும். அவள என்னால பாத்துக்க முடியும்.”

அவள் மூச்சு வாங்கினாள். சந்திரிகா அவள் முதுகில் கையை வைத்தாள். இப்போது வைக்கலாம். ராதாதான் முதலில் பேசிவிட்டாளே!

“அவளக் கூட்டிட்டுப் போகாதீங்க அத்தை” என்றாள் ராதா.

அகிலாண்டம் பேத்தியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கோ போய்விட்டிருந்தது. குழப்பம்தான் மிச்சம்.

“என்னடி சொல்ற? நீதானே கேட்ட? தினமும் அழறா, குழந்தைய எடுத்துக்கச் சொல்லிக் கெஞ்சறா, நீ வந்து கூட்டிட்டுப் போனாத்தான் அவ பொழைப்பான்னு வெங்கட்டு சொன்னானே? இந்த முட்டி வலியோட நான் ப்ளேன் ஏறி வந்ததே அதுக்குத்தானே?”

“நானா? நீங்கதான் பிடிவாதமா நிக்கறீங்கன்னு இவரு சொன்னாரு!”

“நானா பிடிவாதம் புடிச்சேன்? ஒரு வயசுக் குழந்தைய இந்த வயசுல எவ ஆசைப்பட்டுத் தூக்கிச் சுமப்பா?”

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில், ஒரே குசினியில், நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்று சமைத்தவர்கள். இதை மட்டும் பேசவே இல்லை. இவளுக்கு அது ஆசை என்று அவரும், அவருக்கு அது ஆசை என்று இவளும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் அழுதிருக்கிறார்கள். சந்திரிகாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று உங்களுக்கே தெரியும்.

அகிலாண்டம் இடுப்பில் இருந்த குழந்தையை எடுத்து ராதாவின் கையில் கொடுத்தார். கொடுத்தபிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“புடி. உன் புள்ள. உங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். பிறகு மருமகளின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தார். “என் ரெண்டாவது பிரசவத்துல நானும் இப்படித்தான்டி கெடந்தேன். யாருகிட்டயும் சொல்லல. அந்தக் காலத்துல வாராவாரம் வர்றதுக்கு எனக்கு யாரு இருந்தா?”

ராதா குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். தனலெட்சுமி வெளிப்படையாகவே மூக்கை உறிஞ்சினார். விஜயா அன்ரி தன் பாயசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குணசீலன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“வெங்கட்டு” என்றார் அகிலாண்டம், திரும்பாமலே. “இங்க வா.”

வந்தான். ஆறடி உயரம், நல்ல வேலை, புது வீடு. அம்மாவின் முன் வந்து நின்றபோது பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி இருந்தான்.

“ரெண்டு பக்கமும் ஏன்டா பொய் சொன்ன?”

அவன் சந்திரிகாவைப் பார்த்தான், குணசீலனைப் பார்த்தான், ராதாவை மட்டும் பார்க்கவில்லை.

“பயம்மா.”

“என்ன பயம்?”

“மறுபடி அவளுக்கு அப்படி ஆயிடுமோன்னு… ஆபீஸ்ல இருந்து வந்து கதவத் தொறக்கறதுக்கே தினமும் பயம். உள்ள என்ன நடந்திருக்குமோன்னு தெரியாது. சாவிய கையில வச்சுக்கிட்டு வெளியவே நின்னுருக்கேன். குழந்தை ஊர்ல இருந்தா அந்தப் பயம் போயிடும்னு நெனச்சேன். அவ நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தாம்மா… எனக்குத்தான் முடியல.”

இத்தனை புதன்கிழமை அந்த வீட்டுக்குப் போயும், இவன் ஒருத்தன் எப்படி இருக்கிறான் என்று தான் ஏன் கேட்டுப் பார்க்கவில்லை என்று சந்திரிகாவுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் முன்பு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ராதா தலையை நிமிர்த்தித் தன் கணவனை அதிர்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகிலாண்டம் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அத்தனை பேர் நெஞ்சிலும் தைத்தது.

“அப்ப வர்ற வெள்ளிக்கிழமை நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியது குழந்தைய இல்லடா” என்றார். “உன்னைய.”

வெங்கட்ராமன் மறுக்கவில்லை. “பாப்பா டிக்கெட்ட என் பேருக்கு மாத்த முடியுமாம்மா?” என்று கேட்டான்.